விலை குறைந்ததாமே, எந்தக் கடையில்?

விலைவாசி, வருமானம், வேலை பற்றி அரசு வெளியிடும் எண்களும் வீட்டுக் கணக்கு நோட்டும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று வாசகர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம் என்று பேப்பரில் போட்டார்கள். என் மளிகைச் சிட்டையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இந்தக் கணக்கை எப்படி நம்புவது?
(வாசகி, ஸ்ரீரங்கம்)

எண்ணும் சரி, உங்கள் சிட்டையும் சரி. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 0.25 சதவீதம் என்றால், 2024 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை 2025 அக்டோபரில் 100 ரூபாய் 25 காசுக்கு வந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்பு ஏறியது எதுவும் இறங்கிவிட்டதாக அர்த்தமில்லை. 'விலைவாசி குறைந்தது' என்று தலைப்புப் போடுகிறவர்கள்தான் வாசகரைக் குழப்புகிறார்கள். புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் அறிக்கையில் அப்படி இருக்காது.

காய்கறியை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் காய்கறி விலை அதற்கு முந்தைய ஆண்டைவிட 42.18 சதவீதம் கூடியிருந்தது. 2025 அக்டோபரில் 27.57 சதவீதம் குறைந்தது. 2023-ல் 100 ரூபாய்க்கு வந்த காய் 2024-ல் 142 ரூபாய் ஆகி, 2025-ல் சுமார் 103 ரூபாய்க்கு வந்து நின்றது. 142-லிருந்து பார்த்தால் பெரிய சரிவு. 2023-ஐ நினைவில் வைத்திருக்கும் இல்லத்தரசிக்கோ மூன்று ரூபாய் ஏற்றம். எந்த மாதத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதே பாதிக் கணக்கை முடித்துவிடுகிறது. இதைப் பொருளாதாரக்காரர்கள் அடிப்படை விளைவு என்பார்கள்.

அடுத்து, நீங்கள் சொல்வது மளிகைச் சிட்டை. காய்கறி அதில் வராது. அந்த ஓராண்டில் பருப்பு விலை இறங்கத்தான் செய்தது. பழைய சிட்டை கைவசம் இருந்தால் துவரம் பருப்பு வரியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் சமையல் எண்ணெய் 11 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. பருப்பில் மிச்சமானதை எண்ணெய் சாப்பிட்டுவிட்டது. அடித்தொகை மாறாததால் எதுவுமே நடக்காதது போலத் தெரிகிறது.

உங்களைப் போலத்தான் பெரும்பாலான வீடுகளும் நினைக்கின்றன. ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நகரங்களில் வீடு வீடாக 'இப்போது பணவீக்கம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்' என்று கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. பதில் வழக்கமாகவே அரசு எண்ணைவிடப் பல புள்ளிகள் கூடுதலாக இருக்கும். 2025 கடைசியில் அரசு எண் 1 சதவீதத்துக்குக் கீழே கிடந்தபோதும் வீடுகள் சொன்னது 6 சதவீதத்துக்கு மேல். தினமும் வாங்குவதன் விலை மனதில் நிற்கிறது, ஏறியது இறங்கியதைவிட அழுத்தமாக நிற்கிறது என்பது இதற்கு ஒரு காரணம். அரசு கணக்கில் எடுக்கும் பொருட்களின் கூடையும் வீட்டின் கூடையும் வேறு என்பது இன்னொன்று.

கேள்வி: யார் எந்தக் கடைக்குப் போய் விலை கேட்கிறார்கள்? எங்கள் ஊருக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லையே!
(வாசகர், திருவாரூர்)

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் களப் பணியாளர்கள். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட, அதாவது அந்த ஆண்டு விலையை 100 என்று வைத்து ஒப்பிட்ட, பழைய தொடரில் நாடு முழுவதும் 1,181 கிராமங்களிலும் நகரங்களில் 1,114 சந்தைகளிலும் விலை எடுத்தார்கள். இந்தியாவில் கிராமங்கள் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல் என்பதால் உங்கள் ஊர் விட்டுப்போவதில் ஆச்சரியமில்லை. அதே கடை, அதே பொருள், அதே தரம் என்று மாதாமாதம் கேட்பதுதான் முறை. இந்த மாதம் பொன்னி, அடுத்த மாதம் பாசுமதி என்று மாற்றிக் கேட்டால் விலை ஏறியதா, அரிசி மாறியதா என்று தெரியாது. கடையை மூடிவிட்டாலோ அந்த ரகம் வருவது நின்றுவிட்டாலோ மாற்றுக் கடை, மாற்று ரகம் பிடிக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

விலையைவிட முக்கியம், எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பது. பழைய தொடரில் உணவுக்கு 100-க்கு 45.86, வீட்டு வாடகைக்கு 10.07, எரிபொருள் மின்சாரத்துக்கு 6.84, மருத்துவத்துக்கு 5.89, கல்விக்கு 4.46. இவை 2011-12-ல் நடந்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தவை. 2017-18-லும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது; தரம் சரியில்லை என்று சொல்லி அரசு அதை வெளியிடவில்லை. அதனால் பத்தாண்டுக்கு மேல், ஸ்மார்ட்போன் பரவாத காலத்து வீட்டுச் செலவை வைத்தே நாட்டின் பணவீக்கத்தைக் கணக்கிட்டோம். இது நியாயமான குறைதான். 2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய தொடர் வந்துவிட்டது. 2023-24 கணக்கெடுப்பை வைத்து உணவின் பங்கு சுமார் 37 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இனிமேல் தக்காளி விலை எகிறினாலும் மொத்த எண் முன்போல் துள்ளாது. 2023 ஜூலையில் பெரும்பாலும் காய்கறி விலையால் மொத்தப் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குப் போனதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

கேள்வி: வீட்டுக்காரர் வாடகையை 11,000-லிருந்து 13,000 ஆக்கிவிட்டார். அரசுக் கணக்கில் வாடகை உயர்வு 3, 4 சதவீதம்தானாம். எந்த ஊர் வாடகை இது?
(வாசகர், குரோம்பேட்டை)

உங்களுடையது 18 சதவீத ஏற்றம். ஒரு தெருவில் 11,000 ரூபாய் வாடகைக்குப் பத்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ஆள் மாறி 13,000 ஆகிறது. நான்கு வீடுகளில் பழைய குடித்தனக்காரருக்கு 500 ரூபாய் ஏற்றுகிறார்கள். ஐந்து வீடுகளில் அந்த ஆண்டு ஏற்றவே இல்லை. மொத்த வாடகை 1,10,000-லிருந்து 1,14,000 ஆகிறது, அதாவது 3.6 சதவீதம். சராசரி பொய் சொல்லவில்லை. சுமையில் பாதி வீடு மாறிய ஒருவர் தலையில் விழுந்தது அதில் தெரியாது, அவ்வளவுதான்.

கூடவே, பழைய தொடரில் மாதிரி வீடு ஒவ்வொன்றிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வாடகை கேட்டார்கள். ஏற்றம் நடந்ததற்கும் அது எண்ணில் தெரிவதற்கும் இடையே இடைவெளி விழும். கிராமத்து வாடகைக்குப் பழைய தொடரில் பங்கே கிடையாது, புதியதில்தான் சேர்த்திருக்கிறார்கள். அட்வான்ஸ் திரும்ப வரும் பணம் என்பதால் எந்தத் தொடரிலும் வராது. வீட்டுக் கடன் மாதத் தவணையும் வராது. மனை, வீடு வாங்குவது முதலீடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு தவணைக்குப் போகிற வீட்டுக்கு, அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை.

கேள்வி: சரி, எங்கள் வீட்டுப் பணவீக்கத்தை நாங்களே கணக்கிட முடியுமா? கணக்கு எங்களுக்குக் கொஞ்சம் தூரம்.
(வாசகி, ஈரோடு)

கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு நோட்டும் பன்னிரண்டு மாத இடைவெளியில் இரண்டு சிட்டைகளும் வேண்டும்.

முதலில் போன ஆண்டு இதே மாதச் செலவை எட்டுப் பத்துத் தலைப்பில் எழுதுங்கள். இதே மாதம் என்பது முக்கியம். ஐப்பசியை ஆவணியோடு ஒப்பிட்டால் தீபாவளிச் செலவு உள்ளே புகுந்துவிடும். மே மாதத்தில் முருங்கைக்காய் மலிவு, மார்கழியில் கிராக்கி. அது பணவீக்கம் அல்ல, பருவம். ஆண்டுக்கொருமுறை கட்டுவதை, அதாவது பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் போன்றவற்றைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். வீட்டு வரியை ஆறு மாதத்துக்கொருமுறை கட்டினால் ஆறால் வகுக்க வேண்டும். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு என்பதால் பாதி.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். சீட்டுக் கட்டுவது, ஆர்.டி. போடுவது, நகை வாங்குவது எல்லாம் சேமிப்பு. கடன் தவணையைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்து, அதே அளவு பொருளை இன்று வாங்கினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டும். இந்த 'அதே அளவு'தான் உயிர்நாடி. போன ஆண்டு மாதம் 4 லிட்டர் எண்ணெய் வாங்கி, இந்த ஆண்டு மாமியார் வந்திருப்பதால் 5 லிட்டர் வாங்கினால், அந்த ஐந்தாவது லிட்டரைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது செலவு உயர்வுதான், விலை உயர்வல்ல. மாறாக, விலை மாறாமல் அளவு சுருங்கினால் அது விலை உயர்வு: 36 ரூபாய் சோப்பு 100 கிராமிலிருந்து 90 கிராம் ஆனால், கிராமுக்கு 36 காசு 40 காசாகிறது. 11 சதவீத ஏற்றம். பிஸ்கட், ஷாம்பு, சலவைத் தூள் பாக்கெட்டில் விலையைப் பார்ப்பதோடு எடையையும் எழுதி வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. வாடகை வீட்டில் இருக்கும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பம். முதல் எண் போன ஆண்டு, இரண்டாவது இந்த ஆண்டு, ரூபாயில்.

மளிகை: 6,000 – 6,200
காய்கறி, பழம்: 2,400 – 2,200
பால்: 1,800 – 1,900
மீன், கறி, முட்டை: 1,800 – 1,900
வாடகை: 8,000 – 8,500
மின்சாரம், காஸ்: 1,400 – 1,400
பெட்ரோல், பஸ், மொபைல்: 2,600 – 2,650
பள்ளிக் கட்டணம்: 3,000 – 3,450
மருத்துவம்: 1,500 – 1,620
மற்றவை: 1,500 – 1,550
மொத்தம்: 30,000 – 31,370

கூடியது 1,370. அதை 30,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 4.57 சதவீதம். சாப்பாட்டுக்கான நான்கு வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறியது 200 ரூபாய்தான், 1.7 சதவீதம். வாடகையும் பள்ளியும் மட்டும் 950 ரூபாய். ஆக மொத்த ஏற்றத்தில் பத்தில் ஏழு பங்கு இந்த இரண்டு வரியில் இருக்கிறது. சந்தையில் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதால் இந்த வீட்டுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது அதே தெருவில், அதே கடைகளில் வாங்கும், சொந்த வீட்டில் இருக்கும் வயதான தம்பதி. வாடகையும் பள்ளியும் இல்லை. மற்ற வரிகள் அப்படியே என்றால் 19,000 ரூபாய் 19,420 ஆகிறது, 2.2 சதவீதம். பக்கத்து வீட்டில் பாதிதான். அரசு எண் ஒன்றுதான் என்றாலும் இந்த இரண்டு வீடுகளுக்கும் அது ஒரே நேரத்தில் பொருந்தவே முடியாது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. மின் கட்டணத்தில் படி முறை இருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சலுகை வீதம் போய்விடும். ஏ.சி. வாங்கியதால் பில் எகிறினால் அதைப் பணவீக்கத்தில் எழுதக் கூடாது. இன்னொன்று ரேஷன். விலையில்லா அரிசி, 30 ரூபாய் துவரம் பருப்பு, 25 ரூபாய் பாமாயில் ஆகியவற்றைத் தனி வரியாக எழுதுங்கள், கடைப் பருப்போடு கலக்காதீர்கள். ஒரு மாதம் ரேஷனில் பருப்பு வராமல் வெளியில் வாங்கினால், கடையில் விலை ஏறாமலே உங்கள் சராசரி விலை ஏறிவிடும். அந்த ஏற்றம் உங்களுக்கு உண்மையானது. ஆனால் அதற்குக் காரணம் கடைக்காரர் அல்ல என்பது கணக்கில் தெரிய வேண்டும்.

கேள்வி: இந்தியரின் தனிநபர் வருமானம் இரண்டு லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். நாங்கள் நான்கு பேர். எட்டு லட்சம் எங்கே?
(வாசகர், பட்டுக்கோட்டை)

2025 மே மாதம் வெளியான கணக்கின்படி 2024-25-ல் தனிநபர் நிகர தேசிய வருமானம் 2,05,324 ரூபாய். நான்கால் பெருக்கினால் 8,21,296. மாதம் 68,441. கேட்கவே நன்றாக இருக்கிறது!

இது வீடுகளின் வருமானம் அல்ல. நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தது. கம்பெனிகள் பங்குதாரருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட லாபம், நீங்கள் சோப்பு வாங்கும்போது அரசுக்குப் போகும் ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் உண்டு. சொந்த வீட்டில் இருந்தால், அதை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ அந்தக் கற்பனை வாடகையும் உண்டு. சொந்த வயலில் விளைந்து வீட்டிலேயே உண்ட நெல்லும் உண்டு. அந்த நெல்லைச் சோறாக்கிய வீட்டுப் பெண்ணின் உழைப்பு மட்டும் கிடையாது. சமையலுக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் உடனே தேசிய வருமானம் கூடிவிடும்.

அப்புறம் சராசரியின் குணம். ஐந்து வீடுகளின் மாத வருமானம் 15,000, 18,000, 22,000, 25,000, 3,00,000 என்றால் சராசரி 76,000. நான்கு வீடுகள் அதன் பாதியைக்கூடத் தொடவில்லை. நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் 22,000தான்.

உங்கள் வீட்டை ஒப்பிட வேறு எண் இருக்கிறது: 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. ஒருவருக்கு மாதச் செலவு கிராமத்தில் 4,122, நகரத்தில் 6,996. நான்கு பேருக்குக் கிராமத்தில் 16,488, நகரத்தில் 27,984. தமிழ்நாட்டுச் சராசரி இதைவிடக் கூடுதல். நகரத்து மேல்தட்டு 5 சதவீதம் பேர் ஆளுக்கு 20,310 செலவழிக்கிறார்கள். அடித்தட்டு 5 சதவீதம் 2,376. பெரும் பணக்காரர்கள் இத்தகைய கணக்கெடுப்பில் பெரும்பாலும் கதவைத் திறப்பதில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: வேலையின்மை 3 சதவீதம்தான் என்று ஒரு புள்ளிவிவரம் சொல்கிறது. என் மகன் பி.காம். முடித்துவிட்டுச் சம்பளம் இல்லாமல் சித்தப்பா கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் எந்தக் கணக்கில்?
(வாசகி, திருப்பூர்)

சித்தப்பா உங்களோடு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர் என்றால், வேலையில் இருப்பவர் கணக்கில். குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உதவுகிறவரையும் வேலை செய்பவர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 2023-24-ல் ஆண்டு முழுவதையும் பார்த்துச் சொன்ன வேலையின்மை 3.2 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் வருவது வாரக் கணக்கு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலை உண்டு என்று பொருள். இரண்டும் வேறு வேறு அளவுகோல், ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஏறியது இறங்கியது என்று சொல்லக் கூடாது. ஒரு மணி நேர விதி நம் ஊர் கண்டுபிடிப்பல்ல, உலகம் முழுக்க உள்ள வழக்கம். வேலை செய்பவர்களில் மாதச் சம்பளக்காரர் எத்தனை, சொந்தத் தொழில் எத்தனை, கூலியில்லா உதவியாளர் எத்தனை என்ற அட்டவணையும் அதே அறிக்கையில் இருக்கிறது. 2023-24-ல் வேலை செய்த பெண்களில் 36.7 சதவீதம் பேர் கூலியில்லா உதவியாளர்கள். வேலையின்மை எண்ணைவிட அந்த அட்டவணை உங்கள் வீட்டு நிலவரத்துக்கு நெருக்கமானது.

கேள்வி: மத்திய அரசு ஓய்வூதியர் நான். அகவிலைப்படி பணவீக்கத்தைப் பார்த்துத்தானே தருகிறார்கள்? இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?
(வாசகர், மதுரை)

அது வேறு குறியீடு, அதாவது விலை நிலவரத்தை ஒரே எண்ணில் சொல்லும் வேறு கணக்கு. செய்தியில் வரும் எண்ணைப் புள்ளியியல் அலுவலகம் போடுகிறது. அகவிலைப்படிக்கு எடுப்பது, தொழிலாளர் பணியகம் போடும் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு. 2016 அடிப்படை ஆண்டு, விலை எடுக்கும் 88 மையங்கள். மதுரையும் ஒரு மையம், சென்னை, கோயம்புத்தூர், குன்னூர், சேலம், திருநெல்வேலியும் உண்டு.

கணக்கு இதுதான். பன்னிரண்டு மாதக் குறியீட்டின் சராசரியை 2.88-ஆல் பெருக்கி, 261.42-ஐக் கழித்து, மீதியை 261.42-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். பின்னத்தை விட்டுவிடுங்கள். சராசரி 143.6 என்றால் பெருக்கி வருவது 413.57, கழித்தால் 152.15, வகுத்தால் 58.2. அகவிலைப்படி 58 சதவீதம். பின்னம் உதிர்ந்தாலும் நஷ்டமில்லை, அடுத்த தவணைக் கணக்கில் அது தானாக வந்துவிடும். பன்னிரண்டு மாதச் சராசரி என்பதால் விலை எகிறும்போது படி பின்தங்கியே வரும். ஆலை, சுரங்க, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூடை என்பதால் எழுபது வயதுக்காரரின் மருந்துச் செலவு அதில் சிறிய வரிதான்.

கேள்வி: பெண்ணுக்கு ஐந்து பவுன் சேர்க்க வேண்டும். தங்கம் பணவீக்கத்தில் வருமா வராதா?
(வாசகி, காரைக்குடி)

வரும். பழைய தொடரில் 100 ரூபாய்க் கூடையில் தங்கத்தின் பங்கு 1 ரூபாய் 8 காசு. 2025 தொடக்கத்தில் சென்னையில் ஒரு பவுன் 57,200 ரூபாய். டிசம்பர் நடுவில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஐந்து பவுனுக்கு 2,86,000 தேவைப்பட்ட இடத்தில் ஐந்து லட்சம், செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. தனி. இந்த ஏற்றம் குறியீட்டில் ஒரு சிறு வரியாகக் கரைந்துவிடும். கல்யாண வீட்டில் கரையாது. நகை இலக்கை ரூபாயில் வைக்காமல் கிராமில் வைத்து, மாதம் இத்தனை கிராம் என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டுப் பணவீக்கக் கணக்கில் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

கேள்வி: ஐந்து லட்சம் டெபாசிட்டில் இருக்கிறது, 7 சதவீத வட்டி. பணவீக்கம் குறைவு என்பதால் எனக்கு லாபம்தானே?
(வாசகர், நாகர்கோவில்)

மேலே சொன்ன முறையில் உங்கள் வீட்டு எண்ணைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். மருத்துவச் செலவு அதிகமுள்ள வீட்டில் அது 6 சதவீதம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 35,000. ஐந்து லட்சம் அடுத்த ஆண்டும் இதே பொருளை வாங்க வேண்டுமானால் 5,30,000 ஆக இருக்க வேண்டும். ஆகவே 30,000-ஐ அசலோடு விட்டுவைத்தால் மீதி 5,000தான் உங்கள் செலவுக்கு. மாதம் 2,917 வட்டி வருகிறது. அசலைக் கரைக்காமல் எடுக்கக்கூடியது 417. வருமான வரி கட்டுகிறவர் என்றால் அதுவும் குறையும். முழு வட்டியையும் எடுத்துச் செலவழிப்பது தவறில்லை, பலருக்கு வேறு வழியும் இல்லை. அப்படிச் செய்தால் 6 சதவீதக் கணக்கில் பன்னிரண்டு ஆண்டில் அந்த ஐந்து லட்சத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். அதற்குள் மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பங்கு, வேறு வருமானம் என்று என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். டெபாசிட் புதுப்பிக்கும் தேதி எது என்பதையும் பாருங்கள். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டு வந்த காலத்தில் முதிர்ச்சி அடைந்தால், அடுத்த தடவை அந்த 7 கிடைக்காது.